புளிப்புக்கும் அளவு உண்டு

"ஊறுகாயைப் பற்றி எழுதவா பல்கலைக்கழக இதழ்?" என்று நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். விண்ணைப் பற்றி எழுதலாம், அணுவைப் பற்றி எழுதலாம், மொழியைப் பற்றியும் நாட்டைப் பற்றியும் எழுதலாம். ஊறுகாய் சாப்பாட்டு இலையின் ஓரத்தோடு நின்றுவிடட்டும் என்பது அவருடைய எண்ணம். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அக்கேள்வி என்னை விடவில்லை. வேதியியல் மாணவனாகிய நான், நான்கு சுவருக்குள் கற்ற பாடத்தில் பெருந்தவறு செய்தது ஆராய்ச்சிக்கூடத்தில் அன்று. என் அம்மாவின் ஊறுகாய்ப் பரணியில்தான். அதனை மறைக்காமல் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் பெற்றோர் ஆறுமுகநேரிப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்தவர்கள். எனக்கு நான்கு வயதாக இருந்தபோது பிழைப்புத் தேடி வெள்ளறடைக்கு வந்து சேர்ந்தோம். நெய்யாற்றின்கரை வட்டத்தின் கிழக்கு எல்லையில், தமிழ்நாட்டை ஒட்டி இருக்கிறது அவ்வூர். சிறிது தொலைவில் பனச்சமூட்டுச் சந்தை. காய்கறி அந்தப் பக்கத்திலிருந்து வரும். வாங்குவோர் இந்தப் பக்கத்திலிருந்து போவர். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வரைபடத்தில் கோடு விழுந்தது. மரச்சீனிக் கிழங்குக்கும் கஞ்சிக்கும் தொட்டுக்கொள்ளும் பொருளில் எந்தக் கோடும் விழவில்லை.

அப்பொருளுக்கு அங்கே 'உப்பிலிட்டது' என்று பெயர். மலையாளச் சொல் என்பர். உப்பில் இட்டது என்று பிரித்துப் பார்த்தால் எந்தத் தமிழனுக்கு அது விளங்காமற்போகும்? நெல்லிக்காய், மாங்காய், காரட், வெள்ளரிக்காய், அன்னாசி ஆகியவற்றை உப்புநீரில் காந்தாரி மிளகாயோடு ஊறவைத்துக் கண்ணாடிப் பரணிகளில் வரிசையாக வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையிலும் அப்படி ஆறு பரணிகள் உண்டு. தவக்காலத்தில் குருசுமலை ஏற வரும் மக்கள் அவ்வழியே போவார்கள். வெயிலில் களைத்து வருவோருக்கு உப்பும் புளிப்பும் உறைப்பும் சேர்ந்த ஒரு துண்டு அமுதமாக இருக்கும். ஓர் ஆண்டுக்கு எனக்கு ஆகும் புத்தகச் செலவில் பெரும்பகுதியை அந்த ஒரு மாத விற்பனையே கொடுத்து வந்தது.

அம்மாவின் பழைய முறை பொறுமையானது. கொதித்து ஆறிய உப்புநீரில் நெல்லிக்காயை இட்டு, வாயைக் கட்டி, வாரக்கணக்கில் காத்திருப்பார். ஆனால் கூட்டம் வரும் மாதத்தில் பரணி இரண்டு நாளில் காலியாகிவிடும். காத்திருக்க நேரம் ஏது? அதனால் எல்லோரையும் போல அவரும் வினாகிரிக்கு மாறினார். நம் ஊர்க் கடைகளில் வினிகர் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். வினாகிரியை ஊற்றினால் இன்று இரவு இட்டது நாளைக் காலையில் புளிக்கும்.

2023ஆம் ஆண்டுத் தவக்காலம். நான் இளங்கலை இறுதியாண்டு மாணவன், விடுதியில் இருந்தேன். அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"எய்யா, ஒரு ஏவாரி வந்து அசிட்டிக் ஆசிட்டுன்னு ஒரு குப்பி குடுத்துட்டுப் போயிருக்கான். வினாகிரியும் இதுவும் ஒண்ணுதானாம். இதுல கொஞ்சம் தண்ணியில விட்டாப் போதுமாம், காசு மிச்சமாம். நீ இதத்தான படிக்க? எவ்வளவு விடணும்?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அதைத் தொடாதீர்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கேள்வி கேட்கப்பட்டதும் மாணவனுக்கு விடை சொல்லத்தான் தோன்றுகிறது. வினாகிரியில் நூற்றுக்கு நான்கு பங்கு அமிலம். ஆகவே லிட்டருக்கு நாற்பது மில்லி. கணக்கு அரை நொடியில் முடிந்தது.

"நாப்பது மில்லின்னா எத்தன கரண்டி?"

"மூணு கரண்டி இருக்கும்மா."

நான் நினைத்த கரண்டி பதினைந்து மில்லி கொள்ளும் மேசைக் கரண்டி. அம்மாவின் வீட்டில் கரண்டி என்றால் குழம்புக் கரண்டி. அந்த வேறுபாடு எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். பரணியிலிருந்து ஒரு நெல்லிக்காயை எடுத்துக் கடித்தேன். நாக்கின் நுனி எரிந்தது, உதட்டோரம் வெளுத்தது. கரண்டியைக் கொண்டுவரச் சொல்லி அளவுக் குழாயில் நீர் ஊற்றிப் பார்த்தேன். ஐம்பத்தைந்து மில்லி! ஒரு லிட்டர் நீருக்கு மூன்று கரண்டி என்றால் நூற்று அறுபத்தைந்து மில்லி. அப்படியானால் அந்தப் பரணி நீரில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு அமிலம். வினாகிரியைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். அதுவுமன்றி, மீதி அமிலம் ஒரு பழைய தண்ணீர்ப் பாட்டிலில் ஊற்றப்பட்டு, குடிதண்ணீர்ப் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே மேசைக்கடியில் நின்றது.

அந்த வாரம் இரண்டு பரணி விற்றிருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றே நம்புகிறேன். நம்பிக்கையைத் தவிர என்னிடம் வேறு சான்று இல்லை. மீதிப் பரணிகளைக் கொட்டிக் கழுவினோம். அம்மா என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. "நீ சொன்னதத்தானய்யா செஞ்சேன்" என்று மட்டும் சொன்னார். அதைவிடக் கடுமையான தீர்ப்பை எந்தத் தேர்வாளரும் எனக்கு இதுவரை எழுதியதில்லை.

இதில் வெட்கம் இன்னொன்றும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 பிப்ரவரியில், கோழிக்கோட்டுக் கடற்கரையில் உப்பிலிட்டது விற்கும் கடையொன்றில் தண்ணீர் என்று நினைத்துப் பாட்டிலில் இருந்ததைக் குடித்த சிறுவன் வாய் வெந்து துன்புற்ற செய்தியை நான் படித்திருந்தேன். உடன் இருந்த சிறுவனுக்கும் உடலில் புண்ணானது. கோழிக்கோடு மாநகராட்சி சிறிது காலம் அவ்விற்பனையையே தடுத்து வைத்தது. அச்செய்தியைப் படித்து நண்பர்களோடு பேசவும் செய்தேன். என் அம்மாவின் திண்ணைக்கும் அதற்கும் தொடர்புண்டு என்று மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. படித்த செய்தி வேறு, நம் வீடு வேறு என்று பிரித்து வைப்பதில் நாம் வல்லவர்கள்.

இந்த அமிலத்தின் தன்மையைச் சற்று எண்ணிப் பாருங்கள். நீர் கலவாத அசிட்டிக் அமிலம் கடை வினாகிரியைவிட இருபத்தைந்து மடங்கு வலியது. தோலையும் குடலையும் வெந்துபோகச் செய்யும். 16.6 பாகை செல்சியசுக்குக் கீழே பனிக்கட்டி போல் உறைந்துவிடும். குளிர்நாட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் அது கட்டியாக நின்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். நம் ஊர் வெப்பத்திலோ தெளிந்த தண்ணீராகவே நிற்கும். முகர்ந்து பார்க்காதவனுக்குத் தண்ணீருக்கும் அதற்கும் வேற்றுமை தெரியாது.

இதனைக் கேட்டதும் சிலர், "அதற்குத்தான் சொல்கிறோம், இந்தப் புதுமையெல்லாம் நமக்கு வேண்டாம். பாட்டி காலத்து ஊறுகாயே போதும்" என்பார்கள். இன்னும் சிலர், "இது சப்பான்காரனும் சீனனும் தின்பது, நமக்கு எதற்கு?" என்பார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை.

உடனடி ஊறலை ஆசியா முழுவதும் அறியும். மலாய் நாட்டில் வெள்ளரியும் காரட்டும் சேர்ந்த 'அச்சார்' சோற்றோடு வருகிறது. வியட்நாமில் காரட்டையும் முள்ளங்கியையும் தீக்குச்சி போல் அரிந்து, வினாகிரியும் சர்க்கரையும் சேர்த்து 'டோ சுவா' என்று ரொட்டிக்குள் வைக்கிறார்கள். சப்பானில் அரை மணி முதல் ஓர் இரவு வரை மட்டும் ஊறும் காய்க்கு 'அசாசுகே', அதாவது ஆழமில்லாத ஊறல், என்று பெயர். இலங்கைத் தமிழர் வீட்டில் அச்சாறு உண்டு. மலையாளிகள் ஊறுகாயை அச்சார் என்பர். பாரசீகச் சொல்லொன்று கடலோடிகளின் நாவில் ஏறி இத்தனை கரைகளிலும் இறங்கியிருக்கிறது. இத்தனை பேர் கை பட்ட பொருளை ஒருவருக்கு மட்டும் எழுதிக்கொடுப்பது எப்படி?

பாட்டிகள் அளவு பார்க்காமல்தானே செய்தார்கள் என்ற வாதத்துக்கு வருகிறேன். இது பெரும்பிழை. பாட்டி அளவு பார்த்தாள். அவளுடைய அளவு கையில் இருந்தது. அதே உப்பு, அதே பரணி, அதே கை, நாற்பது ஆண்டுப் பழக்கம். கைப்பக்குவம் என்று நாம் சொல்வது பல தலைமுறைச் சோதனையால் கிடைத்த அளவேயன்றி வேறில்லை. உப்பளத்தில் வேலை செய்த என் அம்மா உப்புநீரைத் தொட்டு நாக்கில் வைத்தே அதன் செறிவைச் சொல்லுவார். ஆனால் அசிட்டிக் அமிலம் எந்தப் பாட்டியின் கைக்கும் பழகிய பொருள் அன்று. அதற்குரிய கைப்பக்குவம் எந்த வீட்டிலும் இல்லை. கை அறியாத பொருளுக்கு எண்தான் துணை. அந்த எண்ணைச் சொல்ல வேண்டியவர்கள் படித்தவர்களாகிய நாம். அதையும் வீட்டுக் கரண்டியின் மொழியில் சொல்ல வேண்டும். மில்லியில் சொல்லிவிட்டு விலகிக்கொண்டால் என் கதையே நேரும்.

மிகுதியால் வரும் கேடு இது. குறைவால் வரும் கேடும் உண்டு. 2012 ஆகஸ்டில் சப்பானின் ஒக்கைடோத் தீவில், முட்டைக்கோசு வகையைச் சேர்ந்த கீரையில் செய்த அசாசுகேயை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். எட்டுப் பேர் இறந்தனர். காயில் ஒட்டியிருந்த ஈ கோலை ஓ157 என்னும் நுண்ணுயிரே காரணம். தூய்மைக்குப் பெயர்பெற்ற நாட்டில், தொழிற்சாலையில் செய்த பொருளில் இது நிகழ்ந்தது!

எப்படி நிகழ்ந்தது? நாள்பட ஊறும் காயில், பழங்கஞ்சியைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களைப் போன்றவையே பெருகி, லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, தீய உயிர்களை மெல்ல மெல்ல விரட்டுகின்றன. ஆழமில்லாத ஊறலில் அந்தப் போருக்கு நேரமில்லை. சுவை ஏறிவிடும், பாதுகாப்பு ஏறாது. ஊறுகாய் என்ற பெயர் இருப்பதாலேயே அது கெடாது என்று நினைக்கிறோம். உண்மையில் உடனடி ஊறல் ஊறுகாயைவிடப் பச்சைக் காய்க்குத்தான் நெருங்கிய உறவு. பச்சைக் காயைப் போலவே கழுவ வேண்டும். சமைத்த கறியைப் போலவே விரைவில் உண்டு முடிக்க வேண்டும்.

ஆகவே நான் சொல்ல விரும்புவது ஒன்றே. உடனடி ஊறல் எளியது, மலிவானது, நல்லது. விடுதி மாணவனும் செய்யக்கூடியது. ஆனால் எளிமை என்பது அளவின்மை அன்று. செய்முறையைச் சொல்கிறேன், எல்லா அளவும் நான் நிறுத்துப் பார்த்தவை.

காரட், முள்ளங்கி, வெள்ளரிக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் சேர்ந்து கால் கிலோ. ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, தோல் சீவி, மெல்லியதாக அரியவும். கத்தியும் பலகையும் மீனோ இறைச்சியோ நறுக்கியவையாக இருத்தல் ஆகாது. மெல்லியதாக அரிவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. துண்டின் கனம் இரு மடங்கானால், புளிப்பு நடுவரை சென்று சேரும் காலம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். தடித்த துண்டு வெளியே புளித்து உள்ளே பச்சையாக நிற்பது இதனால்தான்.

அரிந்த காயில் அரைத் தேக்கரண்டி உப்பைப் பிசறி இருபது நிமிடம் வைக்கவும். காயிலுள்ள நீர் கசிந்து வெளியேறும். அதைப் பிழிந்து கொட்டிவிட வேண்டும். கொட்டாவிட்டால் அந்நீர் வினாகிரியின் வலிமையைக் குறைத்துவிடும். காயும் மொறுமொறுப்பை இழக்கும்.

நூறு மில்லி நீரில் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் ஒரு தேக்கரண்டி உப்பும் இட்டுக் கொதிக்கவைத்து ஆறவிடவும். அதில் இருநூறு மில்லி வினாகிரியைச் சேர்க்கவும். மேசைக்கரண்டி என்றால் பதினைந்து மில்லி, தேக்கரண்டி என்றால் ஐந்து மில்லி. குழம்புக் கரண்டி அன்று! வினாகிரி கடையில் மூடி முத்திரையிட்டு, அமில அளவு அச்சிட்டு விற்பதாக இருக்க வேண்டும். இந்திய உணவு விதிகளின்படி வினாகிரியில் 100 மில்லிக்கு 3.75 கிராமுக்குக் குறையாமல் அசிட்டிக் அமிலம் இருத்தல் வேண்டும். நான் சொன்ன கணக்கில் நீரோடு சேர்ந்தபின் நூற்றுக்கு இரண்டரைப் பங்குக்குக் குறையாமல் நிற்கும்.

கழுவி வெந்நீரில் அலசிய கண்ணாடிக் குப்பியில் காயை இட்டு, நான்கு காந்தாரி மிளகாயைக் கீறிப் போட்டு, ஒரு துண்டு இஞ்சியும் சேர்த்து, காய் முழுதும் மூழ்கும்படி ஊற்றவும். பீங்கானும் ஆகும், அலுமினியம், பித்தளை, செம்பு ஆகா. அமிலம் அவற்றை அரித்து உணவில் கலக்கும். ஒரு மணி நேரத்தில் உண்ணலாம். மறுநாள் இன்னும் சுவைக்கும். குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். குளிர்ப்பெட்டி இல்லாத அறையில் இருப்பவர்கள் அன்றன்றைக்குச் செய்து அன்றே உண்பது நலம். மிஞ்சிய நீரில் மறுபடியும் புதுக்காயை இடாதீர்கள். அது முன்பே நீர்த்துப்போனது.

கஞ்சிக்கும் பயற்றுக்கும், வேகவைத்த மரச்சீனிக்கும், பொரித்த மீனுக்கும், ஞாயிற்றுக்கிழமைப் பரோட்டாவுக்கும் இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது. சந்தையில் மாலையில் மலிந்து கிடக்கும் முள்ளங்கியையும் வெள்ளரியையும் வீணாக்காமல் பயன்படுத்த இதைவிட நல்ல வழியும் இல்லை.

நண்பர்களே, நம் சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, பொங்கல் விழாவிலும் ஓண விழாவிலும் நாம் நடத்தும் உணவுக் கடைகளில், அச்சிட்ட சீட்டு ஒட்டிய வினாகிரியைத் தவிர வேறு அமிலம் நுழையக்கூடாது. இரண்டாவது, குடிநீர்ப் பாட்டிலில் நீரைத் தவிர வேறெதுவும் ஊற்றி வைக்கக்கூடாது. ஆராய்ச்சிக்கூடத்தில் இவ்விதியைக் கண்போல் காக்கும் நாம், கடையில் மட்டும் ஏன் மறக்கிறோம்? மூன்றாவது, நம்முள் அறிவியல் பயில்வோர் சேர்ந்து இச்செய்முறையை ஒரே தாளில், ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும், கரண்டிக் கணக்கோடு எழுத வேண்டும். பாறசாலை, களியக்காவிளை, பனச்சமூடு, வெள்ளறடைப் பக்கத்திலிருந்து வரும் மாணவர்கள் அதனை ஊருக்கு எடுத்துச் சென்று, திண்ணைக் கடை நடத்தும் தாய்மார் கையில் கொடுக்க வேண்டும். சுவரொட்டி ஒட்டுவதைவிட இது கடினமான பணி அன்று.

எங்கள் திண்ணையில் இன்றும் ஆறு பரணிகள் இருக்கின்றன. நான்கில் பழைய முறைப்படி உப்புநீர், இரண்டில் வினாகிரி. பரணிக்கருகே ஒரு கண்ணாடித் தம்ளர் இருக்கிறது. அதில் நகப்பூச்சால் ஒரு சிவப்புக் கோடு வரைந்திருக்கிறேன். அதுதான் இருநூறு மில்லி. சென்ற விடுமுறையில் பக்கத்துக் கடை அக்கா வந்து, "அந்தக் கோடு எனக்கும் ஒண்ணு போட்டுத் தருவியா?" என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். வருகின்ற பொங்கல் விழாவுக்கு முதல் குப்பியை நான் கொண்டுவருகிறேன். காந்தாரி மிளகாய் தருவதாக அம்மா சொல்லியிருக்கிறார். கோடு போட வேண்டிய தம்ளர் உடையவர்கள் அன்று அதையும் எடுத்து வாருங்கள்.